வாரத்துக்கு இருபது மணி நேர மனைவி

பிளம் ஹாலோ பூங்கா முகாம், மிசூரி
ஜூன் 9, 2014

அன்புள்ள கிளெண்டா,

நீ பக்கத்து வண்டி வெண்டலின் காரில் ஏறி பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாய் என்பதை வெண்டல் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தகவல் வருகிற வழி இதுதானா? இந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது என்று உனக்குத் தெரியும். வேலை மெனக்கெட்டு மேட்டின் உச்சி வரை ஏறிப் போய் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் தங்கை கார்லாதான் எடுத்தாள். "அக்கா தூங்குறா" என்றாள். நடுப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆகவே கடிதம்.

முதலாவதாக, நடைமுறை விஷயம். முகாம் பொறுப்பாளர் இடம் தம்பதிகளுக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். இருவருமாகச் சேர்ந்து வாரத்துக்கு நாற்பது மணி நேரம் தொண்டு செய்தால், நாம் குடியிருக்கும் வண்டியை நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், சாக்கடைக் குழாய் எல்லாம் இலவசம். இப்போது என் இருபது மட்டும்தான் நடக்கிறது. மேற்பார்வையாளர் பிராண்ட் அம்மா என்னிடம் வந்து, "உங்க மிஸஸ் எப்போ திரும்புவாங்க?" என்று கேட்டார். இந்த இடத்துக்காக ஒரு ஒஹாயோ தம்பதி காத்திருக்கிறார்களாம். ஜூலை மத்திக்குள் நீ வரவில்லை என்றால் இடம் அவர்களுக்கு.

இரண்டாவதாக, அந்தச் சனிக்கிழமை விஷயம். நான் சொன்னது சின்ன வேடிக்கை. எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலின் மனைவி ட்ரூடிகூடச் சிரித்தாள். அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அயோவா வரைக்கும் போவதா?

மூன்றாவதாக, வண்டியில் வாடை இன்னும் குறையவில்லை. நீ திரும்பியதும் டாய்லெட் பேப்பர் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருந்தால் நல்லது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன்,
டுவேன்

மார்ஷல்டவுன், அயோவா
ஜூன் 13

டுவேன்,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. முதலாவதாக, இரண்டாவதாக என்று எழுதுவதை நிறுத்து. நீ உதவித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. நான் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை.

சின்ன வேடிக்கை என்கிறாய். நடந்ததை நான் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. நான் உருளைக்கிழங்கு சாலட் செய்திருந்தேன். அந்த வெயிலில், அந்த நாற்றத்தில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு முழம் அகல மேடையில் கிழங்கை நறுக்கிச் செய்தது. டெக்சாஸ்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "டுவேன், உங்க வண்டிப் பக்கம் ஏதோ வாடை வருதே?" உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லியிருக்கலாம். நீ எழுந்து நின்றாய். காலை அறிவிப்பு வாசிக்கிற அதே குரல். "அது ஒண்ணுமில்ல ஐயா, நம்ம வீட்டம்மாவுக்கு நாளைக்கு ஒரு உருளை பேப்பர் பத்தாது. ஒரு காட்டையே வெட்டிக் கழிவுத் தொட்டிக்குள்ள போட்டு அடைச்சு வெச்சிருக்கா!"

சிரித்தார்கள். ஆமாம். டெக்சாஸ்காரரின் மனைவி அப்போதுதான் என் சாலட்டை ஒரு கரண்டி எடுத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். தட்டை மெதுவாக மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒருவர்கூட அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை, இரண்டாவது தடவை அதே வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். கிண்ணத்தை அப்படியே தூக்கிப் போய்க் குப்பையில் கொட்டினேன். முப்பது வருடம் பள்ளிச் சமையலறையில் ஆக்கிப் போட்டவள் நான். என் கைச் சாப்பாட்டைக் கண்டு யாரும் அருவருத்ததில்லை.

உன் இருபது மணி நேரம் என்ன, என் இருபது மணி நேரம் என்ன என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தாயா? உனக்குத் தொப்பி, பெயர்ப்பட்டை, சின்ன மின்சார வண்டி. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வாய், பிள்ளைகளுக்குப் பறவைப் பெயர் சொல்வாய். எனக்கு வாளியும் பிரஷ்ஷும் முகாம் கழிப்பறைகளும். பெண்கள் பக்கம் கைகழுவும் தொட்டியில் மீன் குடலைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஆண்கள் பக்கத்துச் சுவரைப் பற்றி எழுதினால் கடிதம் நாறும். ஒருத்தி தன் குழந்தையின் மலத்துணியைக் கணப்புக் குழியில் போட்டு எரிக்கப் பார்த்தாள், பாதி வெந்து கிடந்ததை நான்தான் வழித்தெடுத்தேன். அதற்கு நீ சொன்னது, "நாம ரெண்டு பேரும் ஒரே அணி, கிளென்."

வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கியது உன் யோசனை. ஊர் ஊராகப் போய்த் தொண்டு செய்யலாம் என்றதும் உன் யோசனை. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இப்போது எனக்குத் திரும்பிப் போக ஒரு கதவு இல்லை. தங்கை வீட்டுத் தையல் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு வேண்டியது நானா, இல்லை என்னுடைய இருபது மணி நேரமா?

கிளெண்டா

பிளம் ஹாலோ
ஜூன் 18

அன்புள்ள கிளெண்டா,

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபமாக இருக்கிறாய் என்பது தெரிகிறது. இது கோபத்தில் எழுதியது என்பதால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போவதில்லை.

உன் பங்கு வேலையையும் இப்போது நான்தான் செய்கிறேன். பெண்கள் பக்கம் கழுவப் போகிறபோது வாசலில் நின்று, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கத்த வேண்டியிருக்கிறது. ஒரு கிழவி உள்ளேயிருந்து, "இருக்கேன், இப்போதைக்கு வர்றதா இல்ல!" என்று பதிலுக்குக் கத்தினாள். வெகு நேரம் வாளியோடு வெளியே நின்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

மீன் குடல் பற்றி நீ எழுதியதை மிகைப்படுத்தல் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கையை விட்டு எடுத்தேன். வெளியே ஓடிவந்து புதரில் வாந்தி எடுத்தேன். வாந்தியைக் கழுவுகிறவனும் நானே என்று அப்புறம்தான் உறைத்தது. இதை இத்தனை நாள் நீ எப்படிச் செய்தாய்? உண்மையாகவே கேட்கிறேன்.

வண்டிக்குள் படுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் நாற்றம். கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டதாக விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. குழாய் சாக்கடையில்தான் மாட்டியிருக்கிறது, போவது போய்க்கொண்டும் இருக்கிறது. பேப்பர்தான் எங்கோ சிக்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோட்டக் குழாயை டாய்லெட் வழியாக மேலேயிருந்து விட்டு, வேகமாகத் தண்ணீர் அடித்து உடைக்கப் போகிறேன்.

பிராண்ட் அம்மா மறுபடி கேட்டார். என்ன சொல்லட்டும்?

டுவேன்

மார்ஷல்டவுன்
ஜூன் 25

டுவேன்,

என் கேள்விக்குப் பதில் இல்லை. பிராண்ட் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் உன் கவலை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. ட்ரூடி போன் செய்தாள். சிரிப்பில் அவளால் பேசவே முடியவில்லை. குழாயை முழுசாகத் திறந்தாயாம், தண்ணீர் கீழே போகாமல் வந்த வழியே திரும்பி உன் மூஞ்சியிலேயே அடித்ததாம். தொப்பி, பெயர்ப்பட்டை, கண்ணாடி, வாய், எல்லாம். நீ வண்டியை விட்டு வெளியே குதித்து, அந்தக் கோலத்திலேயே ஏரியை நோக்கி ஓடினாயாம். ஏரியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறிவிட்டார்களாம். நானும் சிரித்தேன். என்ன ஆயிற்றோ என்று கார்லா ஓடி வந்தாள்.

அப்புறம் ட்ரூடி மீதியைச் சொன்னாள். வெண்டல் உன் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "டுவேன், இந்த வால்வை எப்போதிலிருந்து திறந்து போட்டிருக்கே?" என்று கேட்டானாம். "வந்த நாளிலிருந்து" என்று நீ சொன்னாயாம். "அட மடையா, அது மூடியே இருக்கணும்யா! தொட்டி நிறைஞ்ச பிறகு ஒரேயடியாத் திறந்துவிடணும். திறந்தே கெடந்தா தண்ணியெல்லாம் ஓடிப் போயிரும், மத்ததெல்லாம் உள்ளேயே உக்காந்து மலையாக் குவிஞ்சு காஞ்சிரும்" என்றானாம்.

எனக்கு அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே போய் இறங்கிய அன்று, கையைத் தட்டிக்கொண்டு நீ சொன்னது காதில் இருக்கிறது: "தினம் தினம் குனிஞ்சு திறந்து மூடிக்கிட்டு இருக்கிறது முட்டாள்தனம். திறந்தே விட்டுட்டேன், அதுபாட்டுக்குப் போகட்டும்." அப்புறம் நாறியபோது என்னிடம் வந்து, ஒரு தடவைக்கு நாலு தாளுக்கு மேல் கிழிக்காதே என்றாய். நானும் நாலு தாள்தான் கிழித்தேன் டுவேன். அறுபத்தாறு வயதில், கழிப்பறையில் உட்கார்ந்து தாளை எண்ணினேன். என் தப்பு என்றே நம்பினேன். அதை நினைத்தால்தான் குமட்டிக்கொண்டு வருகிறது, உன் மலை அல்ல.

அடுத்த சனிக்கிழமை விருந்தில் எழுந்து நில். அதே ஆட்கள் முன்னால், நாற்றத்துக்குக் காரணம் யார் என்று சொல். வேடிக்கையாக அல்ல.

கிளெண்டா

பிளம் ஹாலோ
ஜூன் 30

கிளெண்டா,

நான் எழுதத்தான் இருந்தேன். ட்ரூடிக்கு வாய் நீளம்.

வண்டி விற்றவன் அந்த வால்வைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை. புதிதாக வண்டி வாங்கும் பாதிப் பேர் இதே தவறைச் செய்கிறார்கள் என்று வெண்டலே சொன்னான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்கிறாய். இங்கே எனக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. ஏற்கெனவே பிள்ளைகள் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. இனி அதை வேறு ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டுமா?

தொட்டியை நானே சுத்தம் செய்தேன். வால்வை மூடி, வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஊற்றி ஊற வைத்து, நீளக் கம்பால் குத்தினேன். ஊற்றுவது, குத்துவது, திறப்பது, மறுபடி மூடுவது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இந்த வசந்தம் முழுக்க நாம் தின்றது அங்கே அடுக்கடுக்காக இருந்தது. எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தது. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இப்போது வாடை இல்லை. நீ வரலாம். ஜூலை பதினைந்துதான் கடைசி நாள்.

டுவேன்

மார்ஷல்டவுன்
ஜூலை 3

டுவேன்,

மரியாதை என்று எழுதியிருக்கிறாய். சரி, அதைப் பற்றிப் பேசலாம்.

பள்ளியில் காலை அறிவிப்பு உன் வேலை. மதியத்துக்கு என்ன சாப்பாடு என்று வாசிப்பாய். இறைச்சி ரொட்டி போடும் நாட்களில் கொஞ்சம் நிறுத்தி, "இன்றைக்கு இறைச்சி ரொட்டி, மாணவர்களே. நர்ஸ் அம்மா தயாராக இருக்கிறார்" என்பாய். எண்ணூறு பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் சமையலறை வரை கேட்கும். என்னோடு வேலை பார்த்த பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரித்துவிட்டு, "என் வீட்டுக்காரருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்" என்பேன். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து அதே இறைச்சி ரொட்டியை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாய்.

உன் மரியாதை எப்போதும் என் செலவில்தான் வந்திருக்கிறது. நானும் வருடக்கணக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்து வந்தேன். இனி கிடையாது.

ஜூலை பதினைந்தை என்னிடம் இன்னொரு தடவை சொல்லாதே. ஒஹாயோக்காரர்கள் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அம்மாளுக்கு ரப்பர் கையுறை முழங்கை வரை வேண்டும் என்று சொல்லிவிடு, முகாம் கொடுப்பது குட்டை.

கார்லாவின் கணவர் காலையில் குளியலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிறார். இங்கேயும் நிறைய நாள் இருக்க முடியாது. இடம் பார்க்கிறேன்.

கிளெண்டா

பிளம் ஹாலோ
ஜூலை 13

கிளென்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நேற்று விருந்தில் எழுந்து நின்றேன். என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "எங்க வண்டி நாறினதுக்குக் காரணம் நான். வால்வை ஆரம்பத்திலிருந்தே திறந்து போட்டுட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் தட்டைத் தட்டி, "ஏரிக்கரைப் புனிதர்!" என்று கத்தினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் நல்ல பெயரோடு முடிந்திருக்கும். வாயில் இன்னொரு வேடிக்கை தயாராகவும் இருந்தது.

அதை விழுங்கிவிட்டு, "ஆனா நான் பழியை என் பெண்டாட்டி மேல போட்டேன், உங்க எல்லார் முன்னாலயும்" என்றேன். சிரிப்பு நின்றது. ஆளாளுக்குத் தட்டைப் பார்த்தார்கள். டெக்சாஸ்காரரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்: "அந்த சாலட்ட நான் சாப்பிட்டிருக்கணும்." ட்ரூடி என்னை ஏறிட்டுப் பார்த்து, "இதைச் சொல்ல இவ்வளவு நாளா உனக்கு?" என்று கேட்டாள். உட்கார்ந்தேன். யாரும் என் பக்கத்தில் வந்து தோளைத் தட்டவில்லை. அது போதும் என்று தோன்றியது, வேறு எதற்கும் எனக்கு அருகதை இல்லை.

இன்னொன்று. என் தம்பி லைல் வருகிறான். மனைவி போன பிறகு தனியாகத்தானே இருக்கிறான். மீதி இருபது மணி நேரத்தை அவன் செய்வான். பிராண்ட் அம்மா, "ரெண்டு பேரு வேலைக்கு வந்தா சரி, யாராயிருந்தா எனக்கென்ன?" என்று ஒத்துக்கொண்டுவிட்டார். பெண்கள் பக்கம் என் பொறுப்பு, ஆண்கள் பக்கம் அவன். தொப்பியை அவனிடமே கொடுத்துவிடப் போகிறேன்.

ஆகவே இங்கே உனக்காக எந்த வாளியும் காத்திருக்கவில்லை. இனிக் கடைசி நாள் என்று ஒன்றும் இல்லை. நீ ஜூன் மாதம் கேட்ட கேள்விக்குப் பதில் இது. அப்போதே ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது நீதான். வருவாயா?

டுவேன்

மார்ஷல்டவுன்
ஜூலை 19

டுவேன்,

ட்ரூடியிடம் கேட்டேன். நீ எழுதியபடியேதான் நடந்தது என்றாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நான் கேட்டதை எல்லாம் நீ செய்துவிட்டாய். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனசு இளகும் என்று காத்திருந்தேன், பஸ் நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். இளகவில்லை. கோபம் போய்விட்டது, அது உண்மை. ஆனால் உன் பக்கத்தில் அந்த வண்டியில் படுப்பதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. கோபத்துக்கு மன்னிப்புப் போதும். கூச்சத்துக்கு என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. நாள் ஆகும் போலிருக்கிறது. ஆகியும் போகாமல் இருக்கலாம்.

அதனால் நான் வரவில்லை. இந்த மாதத்திலும் இல்லை, அடுத்த மாதத்திலும் இல்லை. வண்டிக்கு எப்போதுமே இல்லை.

பல் டாக்டரின் அறைக்கு மேலே, மாடியில் ஒரு வீடு பிடித்திருக்கிறேன். ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். என் பென்ஷனுக்குத் தாங்கும். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்காரர், "கணவர் பெயர்?" என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். இப்போதைக்கு என்ற வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்டு வேலையை நடுவில் விடாதே. அக்டோபரில் பூங்கா மூடும். அதுவரை பெண்கள் பக்கத்தை ஒழுங்காகக் கழுவு, மூலைகளையும் சேர்த்து. முடிந்ததும் வண்டியை லைலிடம் விட்டுவிட்டு, நீ மட்டும் பஸ்ஸில் வா. வந்ததும் கீழேயிருந்து கத்தாமல், மாடி ஏறி மணியை அடி. அடித்துவிட்டு வெளியே நில். திறப்பேனா என்று இப்போது என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது.

கிளெண்டா